ஜப்பான் டீச்சரும் மொட்டைச்சாமிகளும்

செருப்பைக் கழற்றி, அதன் மூக்கு வாசல் பக்கம் பார்க்கும்படி திருப்பி வைத்த பிறகுதான் சுதாராணி டீச்சர் வகுப்புக்குள் காலை வைப்பார். திரும்பும்போது காலை நுழைத்து நேரே நடந்துவிடலாம் என்பது கணக்கு. பிள்ளைகளும் அப்படியே வைக்க வேண்டும். நான்காம் வகுப்பு வாசலில் வெளியே பார்த்துக்கொண்டு வரிசையாக நிற்கும் அந்தக் குட்டிச் செருப்புகளை முதல் தடவை பார்க்கிறவர்களுக்கு, காலே இல்லாமல் கிளம்பிவிடுமோ என்று ஒரு நிமிஷம் தோன்றும். சத்துணவு சமைக்கிற சொர்ணத்தாய் அந்த வாசலைத் தாண்டும்போது மட்டும் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வாள். "எல்லாம் பொறப்பட்டு நிக்கிற மாதிரில்லா இருக்கு" என்பாள்.

டீச்சர் கோவில்பட்டியில் கடலைமிட்டாய்க் கடைக்காரர் வீட்டுப் பெண். எப்போதும்வென்றான் ஊருக்குப் போகிற சாலையில், சீமைக்கருவேலம் சூழ்ந்த ஒரு சின்ன ஊரில் நடுநிலைப்பள்ளி ஆசிரியை. காலை பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தால் இரண்டு கையாலும் வாங்கி இடுப்பை வளைத்து ஒரு வணக்கம் வைப்பார். முதலில் கண்டக்டர் பதறிப்போய் எழுந்து நின்றார். இப்போது, "கம்பியப் புடிச்சிக்கிட்டுக் குனிங்க டீச்சர், விழுந்து வச்சிராதீங்க" என்று சொல்கிற அளவுக்குப் பழகிவிட்டார்.

ஜப்பானை அவர் பார்த்ததில்லை. கடலையே தூத்துக்குடியில் பார்த்ததோடு சரி. ஊரெல்லாம் வீட்டுக்குள் அடைந்துகிடந்த கொரோனா நாட்களில், ஆசிரியர்களுக்கென்று நடந்த ஓர் இணையவழிப் பயிற்சியில் சேர்ந்தார். மற்றவர்கள் கேமராவை அணைத்துவிட்டு உலை வைக்கப் போனபோது இவர் மட்டும் சேலை மடிப்பு கலையாமல் உட்கார்ந்து, திரையில் தெரிந்த ஜப்பான் அம்மாளோடு சேர்ந்து காகிதம் மடித்தார். முடிவில் ஒரு பெட்டி நிறைய வண்ணக் காகிதமும், ஆங்கிலத்தில் ஒரு கையேடும் தபாலில் வந்தன. அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் ஜப்பான் பீரியட்.

வண்ணக் காகிதம் ஒரே மாதத்தில் தீர்ந்தது. அதற்கும் இந்தப் பக்கத்தில் வழி இல்லாமலா போகும். தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்குப் போகிற அம்மாமார்கள், அச்சுப் பிசகிய லேபிள் தாள்களைச் சுருட்டிக் கொடுத்துவிட்டார்கள். அதில் பிள்ளைகள் மடித்த கொக்குகளின் சிறகில் பாதிப் புலி இருக்கும், வயிற்றில் ரோஜாப்பூ இருக்கும். எவர்சில்வர் டம்ளரில் சுக்குக்காப்பி ஊற்றி, இரண்டு கையாலும் ஏந்தி, வலப்பக்கமாகத் திருப்பிக் குடிக்கப் பழக்கினார். ஊர்க்காரர்கள் சிரித்தார்கள். பிள்ளைகள் சிரிக்கவில்லை. பசி நேரத்திலும் டம்ளரைத் திருப்பிவிட்டுத்தான் குடித்தார்கள்.

டீச்சரிடம் ஒரு குணம் உண்டு. எதைச் செய்தாலும் கையேட்டில் உள்ளபடி, மேலே கீழே நகராமல் செய்தாக வேண்டும். பாதி செய்து பாதியை விட்டால் அவருக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. "அங்க உள்ளவுக காரணம் இல்லாமச் செய்ய மாட்டாக" என்பார். காரணம் என்னவென்று கேட்டால் அவருக்கும் தெரியாது.

இந்தப் புரட்டாசியில்தான் அந்தக் குணம் வேலையைக் காட்டியது. ஜப்பான் பீரியடில் பிள்ளைகள் செய்தவற்றைப் பார்க்க மாவட்ட அதிகாரிகள் வருவதாகச் செய்தி வந்தது. விளையாட்டு மைதானத்தில் பந்தல் போட்டுக் கண்காட்சி. தலைமையாசிரியர் காசிராஜனுக்கு ஒரே கவலை. "மழ வந்து கெடுத்துரக்கூடாதே டீச்சர்" என்று இரண்டு நாளாக வானத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். டீச்சர் கையேட்டைப் புரட்டினார். மழை வராமல் தடுக்க ஜப்பான் பிள்ளைகள் கட்டித் தொங்கவிடும் பொம்மை ஒன்று அதில் படத்தோடு இருந்தது.

மழையைப் பற்றி டீச்சருக்குத் தெரிந்ததெல்லாம் டவுன் மழைதான். மொட்டை மாடியில் துணி காயாது, கடையில் மிட்டாய் நமுத்துப்போகும், பஸ் பிந்தும். புரட்டாசி மாதம் கரிசல்காட்டில் விதையைப் போட்டுவிட்டு ஊரே வானத்தை நோக்கிக் கையேந்தி நிற்கிற நேரம் என்பது அவருக்கு உறைக்கவில்லை. காசிராஜனுக்கும் சொந்த ஊர் வேறே. தடுத்துச் சொல்ல ஆளில்லை.

ஆளுக்கொரு வெள்ளைத் துணி கொண்டுவரச் சொன்னார். பழைய வேட்டிக் கிழிசல், பனியன் துணி, தலையணை உறை என்று வந்து குவிந்தது. நடுவில் ஓர் உருண்டைப் பருத்தியை வைத்து, துணியை மூடி, கழுத்தில் நூலால் இறுக்கிக் கட்ட வேண்டும். மொட்டைத் தலையும் வெள்ளை அங்கியுமாக ஒரு துறவி வந்துவிடுவார். பிள்ளைகள் அந்த நிமிஷமே மொட்டைச்சாமி என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஒரு பையன் ஸ்கெட்ச் பேனாவை எடுத்தான். டீச்சர் பிடுங்கி வைத்தார்.

"மூஞ்சி இப்ப வரையக்கூடாது. வேண்டுனது நடந்த பொறவுதான் கண்ணும் வாயும். அதுவரைக்கும் அது வெறும் மூஞ்சியாத்தான் இருக்கணும்."

"அதுவரைக்கும் எப்படி டீச்சர் பாக்கும்?" என்று கேட்டாள் இசக்கிச்செல்வி. அதிகம் பேசாத பிள்ளை. அவள் கொண்டுவந்திருந்த துணி, துவைத்துத் துவைத்து நைந்து, கையில் எடுத்தால் எடுத்ததே தெரியாத மாதிரி இருந்தது. டீச்சர் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். கையேட்டில் அது இல்லை.

வராந்தா விட்டத்தில் வரிசையாகக் கட்டினார்கள். ஒவ்வொன்றின் காலடியிலும் பிள்ளையின் பெயர் எழுதிய சீட்டு. சாயங்காலம் பிள்ளைகள் போன பிறகு டீச்சர் கதவைப் பூட்ட வந்தார். காற்று அசையவே இல்லை. வேப்பமரத்தில் ஓர் இலை ஆடவில்லை. ஆனால் காலையில் திசைக்கொன்றாகப் பார்த்துத் தொங்கிய பொம்மைகள் எல்லாம் இப்போது ஒரே பக்கமாக, கிழக்கே காட்டைப் பார்த்துத் திரும்பியிருந்தன. ஒரே நூற்கண்டு, ஒரே முறுக்கு, அதனால் ஒன்றாகத் திரும்பியிருக்கும் என்று டீச்சர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அப்படிச் சொல்லிக்கொண்டே வேகமாக நடந்தார்.

கேட்டுக்கு வெளியே தங்கச்சாமி நின்றிருந்தார். ஊருக்குக் கிழக்கே காட்டில் உழுது பிழைக்கிற சம்சாரி. தோளில் மண்வெட்டியோடு பொம்மைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னத்துக்கு டீச்சர் இது? கழுத்துல கயித்தப் போட்டு?"

"மழை வராம இருக்கதுக்கு அண்ணாச்சி. ஜப்பான்ல இப்படித்தான் செய்வாக."

தங்கச்சாமி கோபப்படவில்லை. "நாங்க நேத்துத்தான் வெதைச்சோம்" என்றார். பிறகு மண்வெட்டியைத் தோள் மாற்றிக்கொண்டு நடந்தார். செய்ததன் பொருள் அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. கழற்றிவிடலாமா என்று கை பரபரத்தது. ஆனால் பாதியில் விட்டுப் பழக்கமில்லையே.

கண்காட்சி நாளில் கீழ்வானத்திலிருந்து கருமேகம் கிளம்பி வந்தது. பந்தலுக்கு நேர் மேலே வந்து நின்றது. அதிகாரிகள் அண்ணாந்து பார்த்தார்கள். பிள்ளைகள் வராந்தாவைப் பார்த்தார்கள். ஒரு துளி விழவில்லை. மேகம் வந்த வழியே திரும்பியது. காசிராஜன் கைகுலுக்கல்களில் திளைத்துப்போய், "ஒங்க சாமிக்குச் சக்தி இருக்கு டீச்சர்" என்று எல்லார் முன்னாலும் சொல்லிச் சிரித்தார். தேங்காய் உடைக்காததுதான் பாக்கி.

மறுநாள் முறைப்படி பொம்மைகளை இறக்கி, கண்ணும் வாயும் வரைந்து, நன்றி சொல்லி, ஊருணியில் மிச்சமிருந்த முழங்கால் தண்ணீரில் விட்டார்கள். அப்போது ஒரு பொம்மை குறைந்தது. இசக்கிச்செல்வியின் பெயர்ச்சீட்டு மட்டும் விட்டத்துக்குக் கீழே தரையில் கிடந்தது.

"காத்துல விழுந்துட்டு டீச்சர்" என்றாள் அவள்.

காற்று அடிக்கவில்லை என்பது டீச்சருக்குத் தெரியும். ஆனாலும் அந்தப் பிள்ளையிடம் பள்ளியில் யாரும் குரலை உயர்த்துவதில்லை. போன ஐப்பசியில் விடாமல் பெய்த மழையில், கரிசல் மண் ஊறிப்போய், அவள் வீட்டுப் பின்சுவர் சரிந்து தூங்கிக்கொண்டிருந்த கைக்குழந்தைத் தம்பியின் மேல் விழுந்ததில் அவன் இறந்துபோனான். டீச்சர் அவள் தலையைத் தடவிவிட்டு அதோடு விட்டுவிட்டார்.

பிறகு மழை வரவே இல்லை. புரட்டாசியின் மிச்சமும் போனது, ஐப்பசியும் பிறந்தது. தீபாவளிக்கு நனையாத வருஷம் இது என்று பஸ்ஸில் பேசிக்கொண்டார்கள். மண்ணில் இருந்த ஈரத்தில் முளைத்த உளுந்து இரண்டு இலையோடு சுருண்டு நின்றது. இன்னும் ஒரு வாரம் தாங்கும், அதற்கு மேல் உழுது போட வேண்டியதுதான், போட்ட விதையெல்லாம் மண்ணோடு போச்சு என்றார்கள். ஊருணி வற்றி, அடிமண் பாளம் பாளமாக வெடித்தது. வெடிப்புகளுக்குள் மொட்டைச்சாமிகள் செருகிக்கிடந்தன. பிள்ளைகள் அழியாத மையால் வரைந்த வாய்கள் எல்லாம் சிரித்தபடி இருந்தன. பஸ்ஸை விட்டு இறங்கிப் பள்ளிக்கு அந்தக் கரை வழியாகத்தான் வர வேண்டும். டீச்சர் குனிந்த தலை நிமிராமல் வந்தார்.

ஊர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை. அதற்கு மாறாக மரியாதை கூடியது. பஸ் ஸ்டாப்பில் பெண்கள் எழுந்து இடம் விட்டார்கள். கடையில் பேச்சு அவரைக் கண்டதும் நின்றது. வகுப்பில் வருகை குறையவில்லை, பிள்ளைகள் செருப்பைத் திருப்பி வைக்கவும் மறக்கவில்லை. காசிராஜன் மட்டும் தனியாகக் கூப்பிட்டு, "கொஞ்ச நாளைக்கு ஜப்பான ஒதுக்கி வைங்க" என்றார். டீச்சர் ஒதுக்கி வைத்தார். வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் கணக்கு நடத்தினார். கணக்கு நடத்தும்போதும் பிள்ளைகள் வாசலுக்கு வெளியே வராந்தா விட்டத்தையே பார்த்தார்கள்.

ஊரில் கொடும்பாவி கட்டி இழுத்தார்கள். மழை பொய்த்தால் ஊரின் பாவத்தையெல்லாம் ஒரு வைக்கோல் உருவத்தின் மேல் ஏற்றி, பிணத்துக்கு அழுவது மாதிரி மாரடித்து அழுது, தெருத் தெருவாக இழுத்துப்போய் எல்லையில் எரிக்கிற வழக்கம் இங்கே உண்டு. ஊர்வலம் பள்ளி வழியாக வந்தது. டீச்சர் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். கொடும்பாவிக்குக் கோரமான முகம் எழுதுவார்கள், பல்லும் நாக்கும் வைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறார். இந்தக் கொடும்பாவிக்கு முகமே இல்லை. வெள்ளைத் துணியை உருட்டிக் கழுத்தில் நூலால் இறுக்கிய மொட்டைத் தலை, புழுதியில் இழுபட்டு இழுபட்டு அவர் பக்கம் திரும்பியது.

"தலைய நம்ம பள்ளிக்கூடத்துப் பிள்ளைகதான் கட்டித் தந்துச்சுக டீச்சர்" என்றாள் பக்கத்தில் நின்ற சொர்ணத்தாய். "மூஞ்சி வரையச் சொன்னதுக்கு மாட்டோம்னுட்டுக. மழ பெய்யட்டும், பொறவுதான் வரையணும்னு டீச்சர் சொல்லியிருக்காகன்னு."

மாரடித்து வந்த பெண்கள் டீச்சரைக் கண்டதும் ஒரு கணம் அழுகையை நிறுத்தினார்கள். "நல்லா இருக்கீகளா டீச்சர்" என்று ஒருத்தி விசாரித்தாள். பிறகு விட்ட இடத்திலிருந்து அழத் தொடங்கினார்கள்.

அதற்கும் மழை இரங்கவில்லை. இரண்டு நாள் கழித்து மத்தியானம் மேகம் கூடியது. மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம் உள்ள காடுகளில் கொட்டித் தீர்த்தது. ரோட்டின் ஒரு பாதி நனைந்து கறுத்துக் கிடந்தது, இந்தப் பாதி காய்ந்து வெளுத்துக் கிடந்தது. பிள்ளைகள் ஓடிப்போய் நடுக்கோட்டில் நின்று ஒரு கையை மட்டும் நீட்டி நனைத்துவிட்டு வந்தார்கள். சொர்ணத்தாய் அடுப்பை அணைத்துவிட்டு நேரே டீச்சரிடம் வந்தாள்.

"ஒண்ணு கேக்கேன், கோவப்படாதீங்க. அம்புட்டு மொட்டைச்சாமியயும் எறக்கியாச்சா?"

"எறக்கித் தண்ணில விட்டாச்சே சொர்ணம். நீயும்தான பாத்த."

"இல்ல டீச்சர். எங்கனயோ ஒண்ணு இன்னும் தொங்குது."

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? மேகம் வருது. ஊருக்கு மேல நிக்குது. எட்டிப் பாக்குது. திரும்பிப் போவுது. வாசல்ல ஒரு ஆளு நின்னு மறிச்சாத்தான அப்படிப் போவும்?"

இதெல்லாம் விளையாட்டு, பிள்ளைகளுக்கு வேறு தேசத்துப் பழக்கத்தைக் காட்டுகிற பாடம் என்று டீச்சர் சொல்லியிருக்க வேண்டும். இந்த ஒரு மாதமாகத் தினமும் தனக்கே சொல்லிக்கொண்டிருந்த வார்த்தைதான் அது. ஆனால் தரையில் கிடந்த இசக்கிச்செல்வியின் பெயர்ச்சீட்டு நினைவுக்கு வந்தது. அவருக்குப் பயமாக இருந்தது. கைப்பையில் கத்தரிக்கோலைப் போட்டுக்கொண்டார்.

பள்ளி விட்டதும் பஸ்ஸுக்குப் போகாமல் இசக்கிச்செல்வியின் வீட்டுக்கு நடந்தார். ஊரின் கடைக்கோடி. அவள் அம்மா பேச்சித்தாய் தீப்பெட்டி ஆபீஸ் வேனில் இருட்டிய பிறகுதான் வந்து இறங்குவாள். அப்பா திருப்பூரில். வீட்டில் பிள்ளை மட்டும். மூன்று பக்கம் பழைய மண்சுவர். விழுந்த பின்சுவரை மார்பளவு மட்டும் எடுத்துக்கட்டி, அதற்கு மேலே நீலத் தார்ப்பாயை இழுத்துக் கட்டியிருந்தார்கள். கிழக்கே மறுபடியும் மேகம் ஏறிக்கொண்டிருந்தது. டீச்சர் குனிந்து உள்ளே நுழைந்தார்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. கண் பழகப் பழக, நடு உத்தரத்திலிருந்து வெள்ளையாக ஒன்று இறங்கித் தொங்குவது தெரிந்தது. உத்தரத்தில் அந்த இடம் மட்டும் கயிறு தேய்ந்து வழுவழுவென்று பள்ளமாக இருந்தது. தொட்டில் கட்டுகிற இடம். அந்த நைந்த துணி என்ன துணி என்று டீச்சருக்கு அப்போது விளங்கிற்று. பொம்மைக்கு முகம் இல்லை. அதன் கீழே பாயில் இசக்கிச்செல்வி உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். டீச்சரைப் பார்த்ததும் உதட்டில் விரல் வைத்தாள்.

"மெதுவாப் பேசுங்க டீச்சர். இப்பத்தான் கண்ணசந்தான்."

வெளியே தூரத்தில் இடி முனகியது. டீச்சர் கத்தரிக்கோலை எடுத்தார். சுவரோரம் இருந்த தகரப்பெட்டியை இழுத்துப் போட்டு ஏறினார். முடிச்சு கைக்கு எட்டியது. பிள்ளை தடுக்கவில்லை, அழவில்லை. அண்ணாந்து பார்த்தபடி கேட்டாள்.

"அதை அறுத்தா மழ வந்துரும்லா டீச்சர்?"

"வரும்" என்றார் டீச்சர். ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. சொன்ன பிறகுதான், தான் சொன்னதைத் தானே கேட்டார்.

"வந்தா இந்தச் செவரும் விழும்." இசக்கிச்செல்வி பக்கச்சுவரைக் காட்டினாள். அதில் மேலிருந்து கீழ்வரை ஒரு வெடிப்பு ஓடியது. "அம்மா இங்கனதான் படுப்பா."

"நீங்க ரெண்டு பேரும் பள்ளிக்கூடத்துல வந்து படுத்துக்கிடுங்க தாயி. நான் ஹெச்.எம். சார்ட்டச் சொல்லிச் சாவி வாங்கித் தாரேன். மழை விடுத வரைக்கும் அங்கனயே இருங்க."

பிள்ளை அதை யோசித்துப் பார்த்தாள். நியாயமான யோசனையாகத்தான் அவளுக்குப் பட்டிருக்க வேண்டும். தலையாட்டினாள்.

"சரி டீச்சர். இவன?"

ஊரில் அந்த நேரம் ஆள் நடமாட்டம் கேட்டது. மேகத்தைப் பார்க்க எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள். "வருதுலே, வருதுலே" என்று தங்கச்சாமியின் குரல் தெருவில் கெஞ்சிக்கொண்டு போனது. தார்ப்பாய் ஒரு முறை உள்வாங்கி அடங்கியது. காய்ந்த காட்டின் உளுந்து முழுக்க இந்த ஒரு நூலில் தொங்குகிறது என்று டீச்சருக்கு நிச்சயமாகத் தெரிந்தது. கத்தரிக்கோலின் வாயைத் திறந்து நூலுக்கு இரண்டு பக்கமும் வைத்தார்.

இடி இந்தத் தடவை வீட்டுக்கு மேலேயே விழுந்தது. சுவரிலிருந்து மண் உதிர்ந்தது. பொம்மை உலுக்கி எடுத்தது மாதிரி நடுங்கி, மெள்ளத் திரும்பி, முகமில்லாத தலையை டீச்சரின் மார்புக்கு நேரே கொண்டுவந்து நின்றது.

"முழிச்சிருவான் டீச்சர்" என்றாள் இசக்கிச்செல்வி.

சுதாராணி டீச்சர் கத்தரிக்கோலை இடுப்பில் செருகிக்கொண்டு, பெட்டியின் மேல் நின்றபடியே அந்தத் துணியை இரண்டு விரலால் பிடித்து, முன்னும் பின்னுமாக மெதுவாக ஆட்டினார்.